ஏழாம் பலகை

...இல்லை, அது வயலின் இல்லை, வயலினுக்கு அப்படி ஒரு சத்தம் வராது, டம்ளருக்குள் ஈ மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு 'ர்ர்ர்', அரை விநாடிதான், பெரிய முரசு ஓய்ந்ததும் அதுவும் ஓய்ந்துவிட்டது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவிக்குக் கேட்கவில்லை, பின்வரிசையில் இருமலை வாய்க்குள்ளேயே மென்று விழுங்கிக்கொண்டிருக்கும் பெரியவருக்குக் கேட்கவில்லை, இந்த அரங்கத்தில் இருக்கும் ஆயிரத்துச் சொச்சம் பேரில் ஒருத்தருக்கும் கேட்டிருக்காது, அவருக்குக் கேட்டது. கேட்காமல் எப்படி இருக்கும், பதினோரு வருஷமாக இந்தக் கூரைக்குள்தானே குடித்தனம், தொங்குகிற விளக்கு, தொங்குகிற திரை, தொங்குகிற பலகை, இங்கே தலைக்கு மேல் எது தொங்கினாலும் அது அவர் பொறுப்பு, மேடை ஆட்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயரே வௌவால், வௌவாலுக்குக் காது பொய் சொல்லுமா... சொல்லலாம், ஐம்பத்தெட்டு முடியப்போகிறது, காதுக்குள் ரீங்காரம் குடியேறுகிற வயசுதான், ரீங்காரமாகவே இருந்துவிடட்டும், நாளைக்குக் காலையில் முதல் ஆளாகக் காது டாக்டர் வாசலில் போய் நிற்கிறேன், இது மட்டும் காதாகவே இருக்கட்டும். முரசுக்காரர் மறுபடி குச்சியை ஓங்கினார். தம்... ர்ர்ர்.

தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் மேலே உருட்டினார். பன்னிரண்டு பலகைகள், மேடைச் சத்தம் கூரைக்குள் போய்த் தொலைந்துவிடாமல் கீழே திருப்பி அனுப்புவதற்காகக் கட்டித் தொங்கவிட்டவை, தேன் நிறம், லேசான வளைவு, பார்வைக்கு மேகம் மாதிரி மிதக்கும், ஒவ்வொரு மேகமும் நூற்றெண்பது கிலோ. முதல் நாலு பலகையும் பார்வையாளர்களின் முன்வரிசைகளுக்கு மேல், நடு நாலும் வயலின் கூட்டத்துக்கு மேல், கடைசி நாலும் ஊதுகிறவர்களுக்கும் முரசுக்கும் மேல். பலகைக்கு நாலு மூலை, மூலைக்கு ஓர் இரும்புக் கயிறு, கயிற்றைப் பிடித்திருப்பது ஒரு நட்டு, ஆக நாற்பத்தெட்டு நட்டுகள், இன்றைக்குக் காலையில்தான் வருஷாந்திரச் சோதனை, எல்லாம் சரி என்று அவரே கையெழுத்துப் போட்ட தாள் மேலாளர் மேஜையில் இருக்கிறது. சரி என்றால் அந்த ஈ எங்கிருந்து வந்தது? நட்டு தளர்ந்து வளையம் ஆடினால்தான் அப்படி ஒரு சத்தம் வரும், எந்த நட்டு, எந்தப் பலகை... ஏழு. ஏழு என்று மனசு சொன்ன மாத்திரத்தில் கண் தானாக ஏழுக்கு நேர் கீழே இறங்கியது. இரண்டாம் வயலின்காரர்கள், மூன்றாவது ஜோடி, உள்பக்க நாற்காலி, கறுப்பு உடுப்பு, இறுக்கிப் போட்ட கொண்டை, வயலினில் தாடையைப் பதித்துக்கொண்டு அவருடைய மகள்.

"ஏங்க, என்ன மேலயே பாத்துட்டு இருக்கீங்க? பொண்ணு கீழ உக்காந்திருக்கா," என்று மனைவி காதோரம் கிசுகிசுத்தாள். "விளக்கு..." என்றார் அவர். "இன்னைக்கு ஒரு நாளாச்சும் அந்த விளக்கு நீங்க பாக்காம தானா எரியாதா?" என்றாள், முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் திரும்பி ஒரு முறை முறைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். முதல் பகுதி முடிந்தது. சிம்பொனிக்கு நாலு பகுதி, நடுவில் யாரும் கை தட்டக்கூடாது, இந்த ஊமை இடைவெளியில் ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் இருமுவார்கள், செருமுவார்கள், நாற்காலியில் இடம் மாறி உட்காருவார்கள், பிறகு வாத்தியக்குழுவின் நடத்துநர் கோலைத் தூக்கியதும் பொம்மைகளாகிவிடுவார்கள், பதினோரு வருஷமாக மேலேயிருந்து உச்சந்தலைகளாக மட்டுமே பார்த்த கூட்டம் இது, கீழே உட்கார்ந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. எழுந்து சொல்லிவிடலாமா, இப்போதே, இந்த இருமலுக்குள்... என்ன சொல்வது, ஐயா எனக்கு ஓர் ஈ கேட்டது என்றா? கோல் எழுந்துவிட்டது.

இரண்டாம் பகுதியில் முரசு கிடையாது, ஒரு வாரமாக ஒத்திகையை மேலேயிருந்து கேட்டதில் அவருக்கு இது மனப்பாடம், மெதுவாக ஊர்ந்து போகிற பாட்டு, கேட்கிறவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள், அவரும் மூடிக்கொண்டார், மூடியதும் இன்றைய காலை வந்து நின்றது. கூரைக்கு அடியில் ஓடும் இரும்பு நடைபாதை, ஒரு கை கம்பியைப் பிடித்திருக்க வேண்டும், மிச்சம் இருக்கும் ஒரே கையால்தான் வேலை. முறை என்ன? ஸ்பானரைப் போட்டு முறுக்க வேண்டும், இறுக்கம் போதும் என்றால் அந்த ஸ்பானரே 'டக்' என்று சொல்லிவிடும், டக் கேட்ட பிறகுதான் நட்டின் மேலிருந்து இரும்புவரைக்கும் குறுக்கே ஒரு பெயிண்ட் கோடு, வருஷத்துக்கு ஒரு நிறம், போன வருஷம் மஞ்சள், இந்த வருஷம் சிவப்பு, கீழேயிருந்து தொலைநோக்கியில் பார்க்கிறவர்களுக்குச் சிவப்பு தெரிந்தால் அந்த நட்டைச் சோதித்தாயிற்று என்று அர்த்தம். டக், கோடு, டக், கோடு. நாற்பத்தெட்டு தடவை ஸ்பானரைக் கீழே வை, தூரிகையை எடு, தூரிகையை வை, ஸ்பானரை எடு என்றால் யாருக்குத்தான் அலுக்காது? அவர் சுலபமாக ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். முதல் நடையில் நாற்பத்தெட்டுக்கும் கோடு, இரண்டாம் நடையில் நாற்பத்தெட்டுக்கும் டக். பெரும்பாலும் நட்டு அசையவே அசையாது, அசைந்தால் அதை மட்டும் துடைத்துவிட்டுப் புதுக் கோடு போட்டால் ஆயிற்று, என்ன கெட்டுப்போயிற்று, யாருக்குத் தெரியும், மேலே ஏறி வந்து பார்க்கிற ஆள் அவரைத் தவிர யார்?

இன்றைக்கும் அப்படித்தான். கோடு முழுக்கப் போட்டாயிற்று. ஒன்றாம் பலகையிலிருந்து டக் ஆரம்பித்து ஆறு முடிந்து ஏழில் கால் வைத்த நேரம், கீழேயிருந்து மேடை மேலாளர்ப் பெண்ணின் குரல், "வௌவாலண்ணே, இறங்குங்க, நடத்துநர் அரை மணி முன்னாடியே வந்து நிக்கறாரு, மேல டக்கு டக்குனு கேட்டுச்சுன்னா அந்த மனுஷன் என்னைப் பச்சையா கடிச்சுத் தின்னுடுவாரு!" என்று, அவர் சிரித்துக்கொண்டே ஸ்பானரைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். அப்போது ஏழில் எத்தனை மூலை முடிந்திருந்தது, ஒன்றா, இரண்டா, ஒன்றுமே இல்லையா... ஒத்திகை முடிந்து, எல்லோரும் சாப்பிடப் போன பிறகு மறுபடி ஏறினார், ஏறி எங்கே விட்டோம் என்று பார்த்தார், ஏழில் நாலு மூலையும் பளிச்சென்று சிவப்பு, அட, ஏழு முடிந்துவிட்டதே என்று எட்டிலிருந்து ஆரம்பித்தார். தன்னுடைய கோட்டைத் தானே நம்பினார்! பன்னிரண்டாம் பலகையை முடிக்கிற நேரத்தில் மகள் நடைபாதைக்குக் கீழே வந்து நின்று, கையில் இரண்டு சீட்டை ஆட்டிக்கொண்டு, "அப்பா, மூணாவது வரிசை, உங்களுக்கும் அம்மாவுக்கும்! இன்னைக்கு மேல உக்காந்து என் மண்டையைப் பாக்காம, கீழ உக்காந்து மூஞ்சியைப் பாருங்க" என்றாள், அவர் சந்தோஷத்தில் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சட்டைக்கு இஸ்திரி போட வீட்டுக்கு ஓடினார். மூன்று மாதமாகத் தற்காலிகம் அவள். இன்றைய கச்சேரியைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமா இல்லையா என்று நடத்துநர் சொல்வதாக ஏற்பாடு. நேற்று ராத்திரி சாப்பிடவில்லை, காலையிலும் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மூன்று கயிறு தாங்காதா? தாங்கும், தாங்கும், ஒரு நட்டு விட்டால் மிச்சம் மூன்று பிடித்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டுத்தானே செய்திருக்கிறார்கள், காகிதத்தில் எல்லாமே தாங்கும், ஆனால் ஒரு மூலை சரிந்தால் எடை மொத்தமும் சாய்ந்து அடுத்த மூலைக்குப் போகும், அடுத்த மூலையின் நட்டும் அப்படி இருந்தால்... மேடையில் மூன்றாம் பகுதி ஆரம்பித்துக் குதித்துக்கொண்டிருந்தது. முரசுக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டு முரசின் தோல்மேல் காதை வைத்துக் குனிந்திருந்தார். "ஏங்க, அவரு தூங்கறாரா?" என்றாள் மனைவி. "சுருதி பாக்கறாரு." "இத்தனை சத்தத்துலயா? நல்ல காது." நல்ல காது, அந்த நல்ல காதுக்குக்கூடக் கேட்கவில்லையே, அப்படியானால் ஒன்றும் இல்லையோ, முரசுக்காரர் நிமிர்ந்தார், நாலு அடி, தம் தம் தம் தம், இந்தத் தடவை ஈ உடனே அடங்கவில்லை, முரசு நின்ற பிறகும் ஒரு விநாடி தனியாக, எல்லாக் கருவிகளும் ஒரு மூச்சு விட்ட அந்த மெல்லிய இடுக்கில், ர்ர்ர்ர் என்று ஓடிவிட்டுத்தான் நின்றது. முன்வரிசை அம்மாள் லேசாகத் தலையைத் திருப்பினாள். கேட்டுவிட்டது, அவளுக்கும் கேட்டுவிட்டது! அவள் பக்கத்து ஆளின் கைப்பேசியைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு மறுபடி மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடைசிப் பகுதியின் முடிவு முழுக்க முரசு. அவருக்குத் தெரியும், ஒத்திகையில் கடைசி இரண்டு நிமிஷம் அடிக்கும்போது நடைபாதைக் கம்பி கையில் அதிரும், உள்ளங்கை கூசும், நாற்பது அடியா ஐம்பது அடியா, எண்ணியதில்லை. எழுந்திரு. எழுந்திருக்கிறேன். பகுதி முடியட்டும், முடிந்ததும் எழுந்திருக்கிறேன், எழுந்து என்ன செய்வேன், மேடையைப் பார்த்து நிறுத்துங்க என்று கத்தவா, கத்தினால் அவள் நிமிர்ந்து பார்ப்பாள், வில் நழுவும், மூன்று மாத உழைப்பும் அப்பன் போட்ட கூச்சலில் போகும், அவளை நாளைக்கு யார் என்று சொல்வார்கள், வௌவாலின் மகள், கச்சேரியைக் கெடுத்தாரே ஒரு கிறுக்கன், அவனுடைய மகள். அப்புறம் மேலே ஏறிப் பார்ப்பார்கள், எல்லாம் கல் மாதிரி இருக்கும், சிவப்பு பளிச்சென்று இருக்கும்... அல்லது எல்லாம் கல் மாதிரி இருக்காது, அப்போதும் கேள்வி அவரிடம்தான் வரும், கோடு போட்டது யார், கையெழுத்துப் போட்டது யார். இரண்டு பக்கமும் அவர்தான் மாட்டுகிறார். அட, இப்போதும் எதை எண்ணிக்கொண்டிருக்கிறாய், யார் தலை கீழே இருக்கிறது, யார் தலையைப் பற்றி யோசிக்கிறாய்? மூன்றாம் பகுதி தடாலென்று முடிந்தது, புதிதாக வந்த யாரோ நாலு பேர் தெரியாமல் கை தட்டிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள், இருமல் மழை கொட்டியது, அவர் எழுந்துவிட்டார்.

"எங்கங்க?" என்றாள் மனைவி. முழங்கால்களைத் தாண்டித் தாண்டி, மன்னிச்சுக்கோங்க, மன்னிச்சுக்கோங்க, ஒரு கைப்பையை மிதித்து, ஓரத்துப் பாதைக்கு வந்து, கதவருகே நின்ற வெள்ளைக் கையுறைக்காரரை அடைந்தார். தினமும் பார்க்கிற ஆள்தான், ஆனால் இன்றைக்கு வந்திருப்பது இஸ்திரிச் சட்டை போட்ட பார்வையாளர், அடையாளம் தெரிந்துகொள்ளவே கையுறைக்காரருக்கு ஒரு விநாடி ஆயிற்று. "அட, நீங்களா! சீக்கிரம் சொல்லுங்க, கதவைச் சாத்தப் போறேன், வெளிய போனா முடியறவரைக்கும் உள்ள விட மாட்டேன், அப்பனே வந்தாலும் ரூல் ரூல்தான்." சொல்லு, இதோ, இவரிடம் சொன்னால் போதும், இவர் உள்ளே ஆள் அனுப்புவார், ஏழாம் பலகை, நட்டு, நான் முறுக்கவில்லை, நாலே நாலு வார்த்தை... "தண்ணி," என்றார் அவர். "தண்ணியா? மூஞ்சியே சரியில்லயே, போங்க போங்க, வலது பக்கம்." கதவு திறந்தது, அவர் வெளியே போனார், கதவு சாத்திக்கொண்டது. நிஜமாகவே போய்த் தண்ணீர் குடித்தார். காகிதக் குவளையில் இரண்டு தடவை பிடித்துக் குடித்தார். மூன்றாவது குவளையைப் பிடிக்கும்போதுதான் தான் வெளியே இருப்பதும், அவர்கள் இரண்டு பேரும் உள்ளே இருப்பதும் அவருக்கு உறைத்தது, தலைக்கு மேல் பார்த்தார், வெறும் சுண்ணாம்புக் கூரை, ஒன்றுமே தொங்கவில்லை. கால்கள் தெரிந்துதான் இங்கே கூட்டி வந்தனவா? கேட்டால் தண்ணீர் என்று சொல்லும், வாய் சொன்னதையே காலும் சொல்லும். கதவுக்குப் பின்னால் கடைசிப் பகுதி ஆரம்பித்துவிட்டது, கனத்த போர்வையைப் போட்டு மூடிய மாதிரி சன்னமாகக் கேட்டது, அவர் குவளையைப் போட்டுவிட்டு ஓடினார்.

வேலைக்காரர்கள் போகிற வழி, படி, திருப்பம், விளக்குப் பெட்டிகள் அடுக்கிய இடைகழி, எத்தனை நிமிஷம், கடைசிப் பகுதி மொத்தம் பத்து நிமிஷம், தண்ணீரில் இரண்டு போயிற்று, முரசு தொடங்க இன்னும் ஐந்து நிமிஷமாவது பிடிக்கும், தடுக்கி விழப் பார்த்தார், தாங்கிக்கொண்டார், மேடையின் பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் வந்து நின்றபோது மூச்சு சீட்டியடித்தது. மேடை மேலாளர் கறுப்பு உடையில், காதில் ஹெட்போனோடு, முக்காலியில் உட்கார்ந்து இசைத் தாளைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தாள். "அண்ணே!" என்று உதட்டால் மட்டும் அதட்டினாள், "மூச்சை மெதுவா விடுங்க, பாட்டுல கலக்குது. பொண்ணு வாசிக்கறதைப் பாக்காம இங்க என்ன பண்றீங்க?"

"நிறுத்தணும்மா."

"எதை?"

"கச்சேரியை."

சத்தமில்லாமல் சிரிக்கப் போனவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அவர் சொன்னார், ஈயைப் பற்றி, முரசைப் பற்றி, ஏழாம் பலகையைப் பற்றி, எல்லாம் தலைகீழாகச் சொன்னார், அவள் தலையை ஆட்டினாள். "இல்லண்ணே, சாயங்காலம் நானே தொலைநோக்கி வச்சுப் பாத்தேனே. ஏழுல நாலு மூலையும் சிவப்பு. உங்க கோடு. அதை நம்பாம வேற எதை நம்பச் சொல்றீங்க?" சொல்லு. தண்ணீர் இல்லை, இப்போது தண்ணீர் இல்லை. "கோடு இருக்கும்மா. முறுக்கறதுக்கு முன்னாடியே போட்டுட்டேன். எப்பவும்... முன்னாடியே போட்டுருவேன்." சொல்லிவிட்டார். சொன்னதும் உடம்பு லேசாகிவிட்டது, இவ்வளவுதானா, இதற்குத்தானா இந்தப் பாடு, பல் பிடுங்கின மாதிரி இருந்தது. அவள் எதுவும் திட்டவில்லை, எத்தனை வருஷமாக என்று கேட்கவில்லை, மேஜைமேல் இருந்த சின்ன விசையின் மூடியை மட்டும் நகத்தால் நெம்பித் திறந்தாள். அதை அமுக்கினால் நடத்துநரின் தாள் ஸ்டாண்டில் ஒரு சிவப்பு விளக்கு எரியும், எரிந்தால் எந்த இடத்தில் இருந்தாலும் நிறுத்தியே ஆக வேண்டும், அது எரிந்து யாரும் பார்த்ததில்லை.

"கேளுங்க, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க," என்றாள், குரல் தட்டையாக இருந்தது, "மேடைக்கு மேல மட்டும்னா பிரச்சினை இல்ல, வாசிக்கறவங்களை ரெண்டு நிமிஷத்துல இந்தப் பக்கமா கூட்டிட்டு வந்துருவேன், ஜனம் உக்காந்த இடத்துலயே இருக்கட்டும், மின்சாரக் கோளாறுன்னு சொல்லிக்கலாம். முன்வரிசைக்கு மேலயும்னா ஆயிரம் பேரை எழுப்பணும், நடுவுல நாலே வழி, மிதிபட்டே பத்துப் பேர் போயிருவாங்க. ஏழு மட்டும்தானே? எந்த மூலைன்னு காட்டுங்க."

திரை இடுக்கு வழியாக ஏழாம் பலகை தெரிந்தது, அதற்குக் கீழே மகளின் கொண்டை, வில் மேலும் கீழும், அவள் நன்றாக வாசிக்கிறாள் போலிருந்தது, நடத்துநர் அவள் பக்கம் பார்த்து இடது கையை விரித்தார், நல்ல விதமாகத்தான் விரித்தார். அவர் வலது கையைத் தூக்கி, ஏழின் பின்மூலையைச் சுட்டிக் காட்டினார். "அதோ, அந்த..." என்றவர் நிறுத்தினார். கை மேலே நின்றது. சோளக்கொல்லைப் பொம்மைக்கு நிற்கிற மாதிரி, தோளுக்கு மேலே, தலைக்கு மேலே, நேராக நின்றது, வலிக்கவில்லை. ஏன் வலிக்கவில்லை? ஒவ்வொரு வருஷமும் சோதனை நாளில் சாயங்காலம் இந்தக் கை தோளுக்கு மேல் வராது, முழு இறுக்கத்துக்கு நாற்பது நட்டுக்கு மேல் முறுக்கிய கை சட்டைப் பொத்தானைக்கூடப் போடாது, மறுநாள் மத்தியானம்வரை இடது கையால்தான் சாப்பாடு. இன்றைக்கு வலது கையால் இஸ்திரி போட்டார், தலை வாரினார், இதோ கூரையைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். ஸ்பானரின் கைப்பிடியைத் திருகி எத்தனையில் நிறுத்துகிறோமோ அத்தனையில்தான் அது டக் சொல்லும், வேலை முடிந்து பெட்டியில் வைக்கும்போது அந்த அளவை அடிமட்டத்துக்கு இறக்கித்தான் வைக்க வேண்டும், மறுபடி ஏற்றாவிட்டால் அரைகுறை இறுக்கத்துக்கே டக் என்றுவிடும், போன வருஷம் இறக்கி வைத்தார், நன்றாக ஞாபகம் இருக்கிறது, இன்றைக்குக் காலையில் எடுத்து... ஏற்றினேனா? ஒன்றாம் பலகையில் டக், இரண்டில் டக், மூன்றில் டக், எல்லாமே எவ்வளவு சீக்கிரம் டக் என்றன, இந்த வருஷம் ஒரு நட்டுகூட அசையவில்லையே, எவ்வளவு ஒழுங்காக இருக்கின்றன என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டாரே, எந்தப் பலகையைத்தான்...

அந்த 'ர்ர்ர்' இப்போது வந்தது, முரசு இன்னும் தொடங்கவே இல்லை, ஆளுயர வயலின்கள் இழுத்த கனத்த சுரத்துக்கே வந்தது, இங்கே பக்கவாட்டில் நின்று கேட்கும்போது அது ஏழின் பக்கத்திலிருந்து வருகிற மாதிரி இல்லை, அதற்கும் அப்பால், வெளிச்சம் படாத பக்கத்திலிருந்து, முன்வரிசைகளின் தலைக்கு மேலிருந்து வருகிற மாதிரி இருந்தது. மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது, அதற்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவள் கழுத்தைத் திருப்பிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே," என்றாள் மேடை மேலாளர், கட்டை விரல் விசைமேல் இருந்தது, "ஏழு மட்டும்தானே?"

முரசுக்காரர் குச்சிகளைக் கையில் எடுத்துக்கொண்டார். பலகையைக் காட்டிய வௌவாலின் கை இன்னும் மேலேயே இருந்தது, கொஞ்சம்கூட வலிக்காமல்.